ஒன்பதாம் பெயருக்கு நேரே

வில்கமுவ
2007.02.11

அன்பான பேத்தி சந்திரகாந்தாவுக்கு அப்பாயி கிருஷ்ணம்மா எழுதுவது.

நான் எழுந்து நடமாடுகிறேன். நீயும் உன் தம்பியும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க முனியாண்டி சாமி பார்த்துக்கொள்ள வேண்டும். உன் வீட்டில் இருக்கும் மற்றவளை நான் விசாரிக்கவில்லை. விசாரித்ததாக நீயும் போய்ச் சொல்லாதே.

மரக்கறி ஏற்ற வரும் நுஹ்மான் லொறியில் உன் கடிதம் வந்தது. ஒன்பது வருஷமாகப் பொங்கலுக்கு ஒரு கார்டு, அதில் இரண்டு வரி. இப்போது நாலு பக்கம். காரியம் இருந்தால் கை நீளும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுநீரக நோயைப் பற்றிக் கண்டியில் டொக்டர்மார் ஆராய்ச்சி செய்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் உனக்கு வேலை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இங்கே வாய்க்கால் ஓரத்தில் அந்த நோயில் செத்தவர்களின் பெயர், வயது, வருஷம், குடித்த தண்ணீர், அதைக் கொண்டுவந்து கொடுத்தவர், எல்லாம் கேட்டுக் கட்டம் போட்ட தாள் அனுப்பியிருக்கிறாய். கிராம சேவகரிடம் கேட்டால் அடையாள அட்டை நம்பர் சொல்வார். யார் எந்தக் குடத்தில் குடித்தார்கள் என்று என்னிடம்தான் கேட்க வேண்டும். அதை விளங்கிக்கொண்ட புத்தி என் மகனிடமிருந்து உனக்கு வந்தது.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பார்த்ததை நான் மறந்ததில்லை. எழுதித் தருகிறேன். பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். என் மகன் லெட்சுமணனைக் கொன்றது யார் என்று உன் ஆராய்ச்சியில் எழுத வேண்டும். பெரிய டொக்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதை உன் அம்மா கமலாட்சிக்கு நீயே படித்துக் காட்ட வேண்டும்.

சம்மதம் என்றால் பதில் போடு.

இப்படிக்கு
உன் அப்பாயி


பலாபத்வல
2007.02.27

அன்புள்ள அப்பாயிக்கு,

நாங்கள் சுகம். தம்பிக்கு மாத்தளையில் வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் சுகத்தை ‘நடமாடுகிறேன்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டீர்கள். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, எழுதுங்கள்.

அப்பாயி, இந்த ஆராய்ச்சி யார் கொன்றது என்று எழுதாது. எது கொன்றது என்றுதான் தேடுகிறது. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, நேற்று வரை வயலில் நின்ற ஆள். முதுகு வலிக்கிறது என்கிறார், சோறு பிடிக்கவில்லை என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கி முடிந்திருக்கிறது. அப்பாவுக்கும் அப்படித்தானே நடந்தது. ஏன் என்று பெரிய டொக்டருக்கும் தெரியாது. தண்ணீரா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

நுஹ்மான் நானாவிடம் இருபது சின்னப் போத்தல் கொடுத்தனுப்புகிறேன். நம் கிணற்றில் இரண்டு போத்தல் தண்ணீர் எடுங்கள். மற்றவற்றில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள், எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருடைய காலைச் சிறுநீரும் வேண்டும். வெட்கப்படுவார்கள், நீங்கள் ஒரு சத்தம் போட்டால் கொடுப்பார்கள். உங்களுடையதும் வேண்டும். அதை மறக்காதீர்கள்.

அம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அன்புடன்
சந்திரகாந்தா


வில்கமுவ
2007.03.30

பேத்திக்கு அப்பாயி எழுதுவது.

பசிக்கிறது, தூங்குகிறேன். போதுமா? புதுச் செருப்பு ஒன்று வாங்கினேன். பழையது இறுகிவிட்டது. வெயிலில் கிடந்து ரப்பர் சுருங்கியிருக்கும்.

தாளை நிரப்பிவிட்டேன். பதின்மூன்று பேர். வரிசையாகப் படி.

முதலாவது, பொன்னையாவின் அண்ணன். எண்பத்தொன்பதில் செத்தான். உன் தாத்தா மாரிமுத்துவை யானை அடித்த அன்று, பிணம் தூக்க ஆள் இல்லாமல் நான் நின்றபோது, வயலுக்குத் தண்ணீர் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன். குடித்தது எங்கள் கிணறு. அவன் மனைவி காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் எடுப்பாள். நாலாவது, கருப்பையா. என் கோழியைத் திருடித் தின்றுவிட்டு நரி என்றான். அவனுக்கும் எங்கள் கிணறுதான். ஏழாவது, பொன்னையாவின் மூத்த மகள். முப்பத்தொரு வயது. தங்கமான பிள்ளை, அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் கிணறு. மிச்சத்தைத் தாளில் பார்த்துக்கொள்.

கோழி திருடியவனாக இருந்தாலும் தண்ணீர் இல்லை என்று நான் ஒருவனையும் திருப்பி அனுப்பியதில்லை. அதையும் உன் டொக்டருக்குச் சொல்.

ஒன்பதாவது பெயர் உன் அப்பா. அதற்கு நேரே இரண்டு கட்டத்தை விட்டிருக்கிறேன். அங்கே எழுத வேண்டியதை நீ எழுதுவதாக இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

போத்தல்களில் நம்பர் ஒட்டியிருக்கிறேன். பொன்னையா தர மாட்டேன் என்றான். “ஒன் மூத்திரத்துல என்ன தங்கமா வருது, குடுடா” என்று சொன்னதும் கொடுத்தான். என்னுடையது பதினேழாம் நம்பர்.

உன் அப்பாயி


பலாபத்வல
2007.04.20

அன்புள்ள அப்பாயிக்கு,

சித்திரை வருஷப் பிறப்புக்கு நீங்கள் அனுப்பிய பயறும் சோளமும் கிடைத்தன. நாங்கள் சுகம். பழைய செருப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா? முகம்? காலையில் கண்ணுக்குக் கீழே?

போத்தல்கள் பத்திரமாக வந்தன. நாலந்தா காவலரணில் நுஹ்மான் நானாவை இறக்கிவிட்டார்களாம். நம்பர் ஒட்டிய இருபது போத்தல், தாளில் முழுக்கத் தமிழ்ப் பெயர். சிப்பாய் துவக்கைத் தோளில் சரி செய்துகொண்டு, “என்ன இது?” என்றானாம்.

“தண்ணி, மாத்தயா. ஆராய்ச்சிக்கு.”

“அப்ப ஒரு வாய் குடிச்சுக் காட்டு.”

சிப்பாய் எடுத்து நீட்டியது ஆறாம் நம்பர். நானா கையெடுத்துக் கும்பிட்டு, “மாத்தயா, அதுல இருக்கிறது பொன்னையாவோடது, எனக்கு வேணாம்” என்று விளக்கியிருக்கிறார். சிரித்துவிட்டு விட்டார்களாம். “அவங்க சிரிக்காட்டி நான் குடிச்சிருப்பேன் புள்ள, வேற என்ன செய்ய” என்றார் என்னிடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் தாளைப் பார்த்துப் பெரிய டொக்டர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். மூன்று வருஷம் வீடு வீடாக ஏறினாலும் இவ்வளவு கிடைத்திருக்காது என்றார். உங்களிடம் அவர் கேட்கச் சொன்னது ஒன்று. பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் நம் கிணற்றுக்காரர். மற்ற நாலு பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிணறு. அந்தச் சிங்கள அம்மா டிங்கிரிமெனிக்கேயின் வளவில், பாறைக்கடியில் வரும் ஊற்றைச் சுற்றி ஆறு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு வீட்டில் ஒருவரும் தாளில் இல்லை. அவர்களும் அதே வயலில்தானே இறங்குகிறார்கள்.

ஊற்று நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நம் ஆட்கள் ஏன் அங்கே எடுக்கவில்லை?

ஒன்பதாம் பெயருக்கு நேரே உள்ள இரண்டு கட்டத்தையும் நிரப்பி அனுப்புங்கள். அதை நான் எழுத முடியாது.

சந்திரகாந்தா


வில்கமுவ
2007.05.16

பேத்திக்கு,

சுகத்தைப் பற்றி நீ கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை. முகம் என் முகம், எப்போதும் இப்படித்தான்.

ஊற்றைக் கேட்டாய். சொல்கிறேன். இதைக் கேட்ட பிறகு அந்த இரண்டு கட்டமும் தானாக நிரம்பும்.

எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். கட்டிய சேலையோடு ஓடிவந்து, எழுபத்தொன்பது வைகாசியில் இங்கே குடிசை போட்டோம். உன் அப்பாவுக்குப் பதினெட்டு வயது. கிணறு இல்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு டிங்கிரிமெனிக்கே வளவுக்குப் போனேன். அவள் வேலிக்கு உள்ளே நின்று சிங்களத்தில் சொன்னாள்: “குடத்த அங்கயே வை. தோட்டத்து ஆளுங்க ஊத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. நான் ஊத்துறேன்.” வாளியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, என் குடத்தில் வாளி பட்டுவிடாமல் ஊற்றினாள். பாதி என் சேலையில் விழுந்தது. மலையிலிருந்து கொட்டும் பீலியில் குளித்து வளர்ந்தவள் நான். தண்ணீருக்கு ஒருத்தி முன்னால் குனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

குடத்தை அவள் வேலியிலேயே போட்டு உடைத்தேன். கூட வந்த உன் அப்பாவை இழுத்து அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். “எம் புள்ள தலமேல சத்தியம். எங்க வூட்ல ஒருத்தரும் இந்த ஊத்துத் தண்ணிய வாயில வைக்க மாட்டோம். வச்சா இந்தத் தல நெலைக்காது.”

பதினொரு நாளில் உன் தாத்தாவும் உன் அப்பாவும் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கொஞ்சம் கடுத்தது. கேத்தலில் வெள்ளையாகப் படிந்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஆனால் அது எங்கள் தண்ணீர். யாரும் தலைக்கு மேலே தூக்கி ஊற்றவில்லை. நான் எங்களோடு ஓடிவந்த மற்ற ஏழு வீட்டையும் கூப்பிட்டு, இங்கே அள்ளுங்கள் என்றேன்.

அப்புறம் உன் அம்மா மருமகளாக வந்தாள். வந்த நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கும்போது முகத்தைச் சுளிப்பாள். சத்தியத்தை அவளுக்கு நான்தான் சொன்னேன். தெரியாது என்று அவள் சொல்ல முடியாது.

தொண்ணூற்றாறு கார்த்திகையில், மழை பெய்த மறுநாள், விறகுக்குப் பின்னால் சின்ன அலுமினியக் குடம் ஒன்றைப் பார்த்தேன். தகர மூடி போட்டிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் கிணறு இல்லை. சில்லென்று, இனித்தது. உடனே துப்பினேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் என் மகன் முதுகைப் பிடித்தான். தொண்ணூற்றெட்டு ஆவணியில் போய்விட்டான். முப்பத்தேழு வயது. அவன் தலையில் வைத்த சத்தியத்தை எவள் உடைத்தாளோ அவள்தான் அவனைக் கொன்றாள். அதனால்தான் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே அவளை வெளியே போகச் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது எழுது.

அப்பாயி


பலாபத்வல
2007.08.02

அன்புள்ள அப்பாயிக்கு,

இரண்டரை மாதம் பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நாங்கள் சுகம் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை அதைப் பரிசோதித்துப் பார்த்துச் சொல்கிறேன். எனக்கும் தம்பிக்கும் இரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

நம் கிணற்றில் உள்ளது இன்னது என்று பெயர் சொல்லும் நிலைக்கு டொக்டர்மார் இன்னும் வரவில்லை. ஒரு ஊரை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்கிறார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் நம் எட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களில் எங்கள் வயதில் எத்தனை பேருக்கு நோய் தொடங்கியிருக்கிறது என்று போத்தல்கள் சொல்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் அதில் இல்லை.

அந்த அலுமினியக் குடத்தை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்கால் திருப்பத்தில் அம்மா அதோடு நிற்பார். எங்களுக்குக் கொடுத்துவிட்டு, “வாயத் தொடச்சிக்கிட்டுப் போங்க, அப்பாயி கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க” என்பார். எனக்கு ஆறு வயதிலிருந்தே அப்படித்தான். தொண்ணூற்றாறில் தொடங்கியதில்லை அப்பாயி. நீங்கள் பார்த்ததுதான் தொண்ணூற்றாறு. அதற்கு முன்னால் எட்டு வருஷம் நாங்கள் குடித்திருக்கிறோம். அந்த எட்டு வருஷமும் அப்பா மண்வெட்டியோடு வயலில் நின்றார்.

உங்கள் தாளை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

பதினேழாம் நம்பர் போத்தலைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள். நுஹ்மான் நானா முன் சீட்டில் ஏற்றி வருவார். பிந்த வேண்டாம்.

சந்திரகாந்தா


வில்கமுவ
2007.08.19

சந்திரகாந்தாவுக்கு.

நீ உன் அம்மாவின் பிள்ளை. அது எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

கிளினிக்குக்கு வர மாட்டேன். தாளும் வேண்டாம், போத்தலும் வேண்டாம். இனி எழுதாதே.

கிருஷ்ணம்மா


வில்கமுவ
2008.01.20

கமலாட்சிக்கு.

நீயும் பிள்ளைகளும் இருப்பீர்கள். நானும் இருக்கிறேன்.

இதை உன் மகள் மூலமாக அனுப்பவில்லை. உனக்கு நேரே எழுதுகிறேன், நேரே பதில் சொல்.

பொங்கலன்று பொன்னையாவின் இளைய மகனைக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் கழுவும் மெஷினில் போட்டிருக்கிறார்களாம். இருபத்தெட்டு வயது. பொன்னையா என் வாசலில் வந்து நின்றான். அழவில்லை, ஏசவில்லை. “அக்கா, இனிமே நான் ஊத்துல எடுக்கட்டுமா?” என்று கேட்டான். என் சத்தியம் என் வீட்டுக்குத்தான். ஆனால் இங்கே அறுவடைக்கு ஆள் சேர்ப்பவள் நான், ஊற்றுக்குப் போனவளைச் சேர்த்துக்கொண்டதில்லை. அதனால் இருபத்தொன்பது வருஷமாக எட்டு வீடும் போகவில்லை. அறுபத்தைந்து வயது ஆள், தண்ணீர் எடுக்க என்னிடம் வந்து உத்தரவு கேட்டு நிற்கிறான்.

உன் மகளின் கடிதத்தை நான் எரிக்கவில்லை. அவள் சொன்னபடி தாளையும் படித்தேன்.

சரி, நீ சத்தியத்தை உடைத்தாய். என் பேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய், நீயும் குடித்தாய். மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தத் தண்ணீரை என் மகனுக்கு ஏன் கொடுக்கவில்லை? இவ்வளவு துணிந்தவள் அவனுக்கு ஒரு செம்பு ஊற்றித் தந்திருந்தால் என்ன? அவனை மட்டும் ஏன் என் கிணற்றுக்கு விட்டாய்?

இதற்குப் பதில் வேண்டும்.

கிருஷ்ணம்மா


பலாபத்வல
2008.02.14

அத்தைக்குக் கமலாட்சி எழுதுவது.

உங்கள் உடம்பைப் பற்றி மகள் சொன்னாள். மருந்துக்குப் போங்கள்.

கொடுத்தேன் அத்தை. பிள்ளைகளுக்குத் தொடங்கிய அதே வாரம் அவருக்கும் தேத்தண்ணீரில் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். அடுப்புச் சாம்பலில் துப்பினார். “இது ஊத்துத் தண்ணி. அம்மா என் தலையில அடிச்சது ஒனக்குத் தெரியாதா?” என்றார்.

“தல ஒங்களோடதுதானே. நீங்க சரின்னா சரிதானே” என்றேன்.

“தல என்னோடதுதான். வாக்கு அம்மாவோடது. லயத்த விட்டு வர்றப்ப அம்மா கையில ஒண்ணும் இல்ல, வாக்கு மட்டுந்தான் இருந்துச்சு. அத நான் ஒடைக்க மாட்டேன்.”

அப்புறம், “பசங்களுக்குக் குடு. அதுங்க தலையில யாரும் அடிக்கல. அம்மா பாத்தா மனசு ஒடைஞ்சிரும், வெறகுக்குப் பின்னால வை” என்றார். நீங்கள் பார்த்த தகர மூடி, பிஸ்கட் டின்னை வெட்டி அவர் செய்தது. விளிம்பில் கை கிழிந்து இரத்தம் வந்ததே, மண்வெட்டி பட்டது என்று உங்களிடம் சொன்னாரே, அது அந்த மூடிதான்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் நீங்கள் என்மேல் மண்ணை வாரிப் போட்டபோதும் சொல்லவில்லை. இப்போது நீங்களே கேட்டதால் எழுதினேன்.

அப்பாயியை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள் அம்மா என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். எழுத வரவில்லை.

கமலாட்சி


வில்கமுவ
2008.04.06

என் பேத்தி சந்திரகாந்தாவுக்கு அப்பாயி எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய். டொக்டரே சொல்லிவிட்டார், நான் தனியாக வேண்டிக்கொள்ளத் தேவையில்லை. எனக்கு இப்போது புதுச் செருப்பும் காலில் ஏறுவதில்லை.

கிணற்றுக்கு முள் வெட்டிப் போட்டு மூடிவிட்டேன். பொன்னையா உதவிக்கு வந்தான். நான் வேண்டாம் என்று சொல்லியும் போகவில்லை. மற்ற ஏழு வீடும் ஊற்றுக்குப் போகிறது. டிங்கிரிமெனிக்கேயின் மகன் ஒரு குழாய் இழுத்து வேலிக்கு வெளியே விட்டிருக்கிறான்.

நானும் ஒரு நாள் குடத்தோடு போனேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. வாசலில் இருந்துகொண்டு, “யார் அது?” என்றாள். “குடத்த ஒடச்சவ” என்றேன். ஞாபகம் இல்லை அவளுக்கு. எந்தக் குடம் என்று கேட்டாள். சந்திரகாந்தா, இருபத்தொன்பது வருஷம் நான் சுமந்ததை அவள் அன்று மாலையே மறந்திருக்கிறாள். “உள்ள வா, வந்து இரு” என்றாள். நான் போகவில்லை.

குழாயில் கையை ஏந்தி ஒரு வாய் எடுத்தேன். அதே ருசிதான், இனித்தது. விழுங்க முடியவில்லை. என் மகன் துப்பியது அது. குடத்தைப் பொன்னையா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு பானை எடுத்து வைத்திருக்கிறேன். அது முடியும்போது பார்க்கலாம்.

கிளினிக்குக்குக் கூப்பிட்டு இன்னொரு கடிதம் போடாதே. பதினேழாம் போத்தலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

உன் அம்மாவுக்குச் சொல், மன்னிப்பு எழுத வராததில் குறை இல்லை. வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பதினாலாவதாக ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன். கிருஷ்ணம்மா, குடித்தது எங்கள் கிணறு, கொண்டுவந்தது தானே. வருஷத்தை நீ எழுதிக்கொள்.

நீ ஒரு வருஷமாகக் கேட்ட இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் டொக்டருக்கு நீ வாசித்துச் சொல்.

ஒன்பதாவது பெயர், மாரிமுத்து லெட்சுமணன். வயது முப்பத்தேழு. குடித்த தண்ணீர், வீட்டுக் கிணறு. கொண்டுவந்து கொடுத்தவர், தாய்.

பெரிய டொக்டர் கையெழுத்துப் போட்டதும் கமலாட்சிக்குப் படித்துக் காட்டு.

உன் அப்பாயி
கிருஷ்ணம்மா